நத்தம் முதல் மூன்றாம் மாடி வரை

செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டரின் கச்சேரி ஒரு காலத்தில் சைதாப்பேட்டையில் இருந்தது. 1891-ல் அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி மதராஸ் அரசுக்கு அனுப்பினார். கூலி, கடன், பண்ணையடிமை வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்று, குடிசை நிற்கும் மனை. மண் குழைத்துச் சுவர் வைத்தவனும் ஓலை வேய்ந்தவனும் தலைமுறை தலைமுறையாக அதில் குடியிருப்பவனும் ஒருவன். மனை மட்டும் மிராசுதாருக்கு உரியது. வேலைக்கு வர மறுத்தாலோ, தனக்கென்று ஒரு துண்டு நிலம் தேடினாலோ, 'மனையை விட்டு இறங்கு' என்று ஒரு வார்த்தை போதும். விலங்கு பூட்டாமலே ஆளைக் கட்டிப்போட முடிந்தது அதனால்தான்.

அடையாற்றின் தென்கரையில், அந்தச் சைதாப்பேட்டைத் தாலுகாவின் கிராமங்களில் ஒன்றாக இருந்தது கோட்டூர். இன்று அதன் பக்கத்தில் விரிந்திருக்கும் கோட்டூர்புரம் சென்னையின் விலை உயர்ந்த பகுதிகளில் ஒன்று. வடக்கே ஆறு, அக்கரையில் போட் கிளப் சாலையின் பங்களாக்கள். மேற்கே அண்ணா பல்கலைக்கழகம். தெற்கே சர்தார் படேல் சாலையைத் தாண்டினால் ஐ.ஐ.டி. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி ஓடும் பறக்கும் ரயில். இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் லிஃப்ட், காவலாளி, பூட்டிய கேட் என்று நிற்கும் அடுக்குமாடிகளும் உண்டு. குடிசை மாற்று வாரியத்தின் சாயம் போன பிளாக்குகளும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

இங்கே யார் எப்படி மேலே வந்தார்கள் என்று பேச்சு வந்தால், உடனே படிப்பைத்தான் சொல்வார்கள். படிப்பு உண்மைதான். ஆனால் படிக்கிற பிள்ளை எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது, அந்த வீடு எங்கே இருக்கிறது, அதைவிட்டு யாராலாவது இறக்கிவிட முடியுமா என்ற கேள்விகள் படிப்புக்கும் முந்தியவை. கோட்டூர்புரத்தின் வரலாற்றை மனையிலிருந்து தொடங்க வேண்டியிருப்பது அதனால்தான்.

ட்ரெமென்ஹீரின் அறிக்கையை மிராசுதாரர்கள் ஏற்கவில்லை. அரசும் அவர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவில்லை. ஆனால் 1892-ல் பிறந்த அரசாணைகளின் வழியே ஒதுக்கப்பட்டவைதான் இன்றுவரை வழக்கிலும் போராட்டத்திலும் அடிபடும் பஞ்சமி நிலங்கள். பிறகு 1920-ஐ ஒட்டித் தாழ்த்தப்பட்டோர் நலனுக்காகத் தொழிலாளர் கமிஷனர் என்று தனிப் பதவி வந்தபோது, அந்தத் துறையின் பெரிய வேலைகளில் ஒன்று வீட்டு மனை வாங்கிக் கொடுப்பது. கிணறு, பள்ளிக்கூடம், பாதை எல்லாம் மனையை ஒட்டியே வந்தன. காலூன்ற ஒரு துண்டு மண் கிடைத்தவன் கூலியைப் பேரம் பேசத் துணிந்தான்.

ட்ரெமென்ஹீர் எழுதிய அதே காலத்தில், கோட்டூரிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் கடலோரம் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1882-ல் அடையாற்றில் தோட்டம் வாங்கிக் குடியேறிய பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், 1894-ல் ஊரூர் அருகே பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கங்களிலும் அப்படிப் பள்ளிகள் வந்தன. சபையில் வேதமும் தத்துவமும் பேசியவர்கள் வேறு, இந்தப் பள்ளிகளில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர்கள் வேறு. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் ஆல்காட்டோடு தொடர்பு கொண்டதும், 1898-ல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவியதும் இந்தச் சூழலில்தான். பெசன்ட் நகரில் ஆல்காட் பெயரால் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. தென்சென்னையில் கல்வியால் எழுந்தவர்களின் கதையை 1959-ல் வந்த ஐ.ஐ.டி.யிலிருந்து தொடங்குகிறவர்கள், அதற்கு 65 ஆண்டுகள் முந்திய இந்தக் கூரைப் பள்ளிகளை விட்டுவிடக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நகரம் ஆற்றைத் தாண்டித் தெற்கே நகர்ந்தது. அதுவரை தென்கரைக்கு வர இரண்டு பாலங்கள்தான் முக்கியம்: 1726-ல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் பணத்தில் கட்டிய சைதாப்பேட்டை மர்மலாங் பாலம், 1842-ன் அடையாறு எல்பின்ஸ்டன் பாலம். இரண்டுக்கும் நடுவே கிடந்தது வயலும் தோப்பும். 1948-ல் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியில் காந்தி நகர் எழுந்தது. அகலத் தெரு, அளவாகப் பிரித்த மனை, பூங்கா, பள்ளி என்று திட்டமிட்ட காலனி. கஸ்தூர்பா நகர் அடுத்து. 1961-ல் வீட்டு வசதி வாரியம் பிறந்தபின் பெசன்ட் நகர், அண்ணா நகர், கே.கே. நகர் என்று நகரத்தின் வரைபடமே மாறியது. கோட்டூர்புரத்திலும் வாரிய வீடுகள் வந்தன.

அந்த வாரியத்தின் விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உயர் வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, குறைந்த வருவாய்ப் பிரிவு, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. மக்கள் வாயில் எச்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எல்.ஐ.ஜி. அக்ரகாரம், ஊர், சேரி என்று சாதியால் பிரிந்திருந்த குடியிருப்பு, முதல் முறையாகச் சம்பளச் சீட்டால் பிரிக்கப்பட்டது. சாதியும் சம்பளமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தேதான் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் யாருக்குப் பக்கத்து வீட்டில் யார் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது சிறிய மாற்றம் அல்ல. பிறந்த பிரிவை மாற்ற முடியாது; வருவாய்ப் பிரிவை மாற்றலாம் என்ற நம்பிக்கையை அந்தப் படிவம் கொடுத்தது.

அரசாங்க குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், பொதுப்பணித் துறை பொறியாளர், வங்கி ஊழியர். இவர்கள்தான் அந்தத் தலைமுறையின் மனைக்காரர்கள். தவணை கட்டி, வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து, நகையை அடகு வைத்து வீடு கட்டினார்கள். உழைப்பும் சிக்கனமும் அவர்களுடையது, சந்தேகமில்லை. ஆனால் மனை அரசுடையது அல்லது அரசு ஆதரவில் சங்கம் வாங்கியது. விலை அரசு வைத்தது. சாலை, சாக்கடை, பள்ளி, பேருந்து அரசு கொடுத்தது. முப்பது நாற்பது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிய பிறகு, அதே மனையைக் கட்டுமான நிறுவனத்திடம் கொடுத்து இரண்டு ஃப்ளாட்டும் கையில் தொகையும் வாங்கிய குடும்பங்கள் தென்சென்னையில் ஏராளம். சம்பளத்தில் சேர்ந்ததைவிட மண்ணில் சேர்ந்தது அதிகம். 'இலவசம் வாங்கிப் பிழைக்கிறார்கள்' என்ற பேச்சைக் குடிசை மாற்று வாரிய வீடுகளை நோக்கி மட்டும் வீசுவது அதனால் நியாயமில்லை. நடுத்தர வர்க்கமும் பொது நிலத்தில் ஏறி வந்ததுதான்.

1970-ல் மு. கருணாநிதி அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று அண்ணாவின் வாக்கை அதன் நெற்றியில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் தேறின. 1971-ல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. அதே 1971-ல் இன்னொரு சட்டமும் வந்தது. நகரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சேர்த்துப் பேசுவதில்லை. கிராமங்களில் அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. ட்ரெமென்ஹீர் எழுதி 80 ஆண்டுகள் கழித்து, ஒரே ஆண்டில், கிராமத்து மனைக்கு ஒரு சட்டமும் நகரத்துக் குடிசைக்கு ஒரு சட்டமும்.

வாரியத்தின் தொடக்க காலக் கொள்கை எளிமையானது: குடிசை எங்கே இருந்ததோ, கூடியவரை அங்கேயே மாடி வீடு. தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடியும். ஒரு வீடு இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. ஒரே அறைதான் கூடம், படுக்கையறை, படிக்கும் இடம் எல்லாம். ஓரமாகச் சமையல், குளியல். அகலம் போதாத படிக்கட்டு. காலையில் கீழே அடிபம்பைச் சுற்றிப் பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டும். மூன்றாம் மாடிக்காரப் பெண்ணுக்கு ஒரு நாளில் எத்தனை குடம் என்பதுதான் கணக்கு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு மூச்சு. கட்டடங்கள் சீக்கிரமே ஒழுகின; காரை பெயர்ந்தது; பராமரிப்பு என்பது பெயருக்குத்தான் இருந்தது. வாரியத்தை எவ்வளவு குறை சொன்னாலும் தகும்.

ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு பெருமதிப்பு இருந்தது. அது சதுர அடியில் தெரியாது. அந்த வீடு கோட்டூர்புரத்தில் இருந்தது.

காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பொழுதை எடுத்துக்கொண்டால் இது புரியும். பத்து நிமிட நடையில் முதல் ஃப்ளாட். வாசல் பெருக்கி, முந்தின இரவுப் பாத்திரம் துலக்கி, ஏழரைக்கு இரண்டாவது வீடு. எட்டரைக்குத் தன் வீட்டுக்கு ஓடிவந்து பிள்ளைக்குத் தலை பின்னி, தோசை சுட்டு, மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒன்பதரைக்கு மூன்றாவது வீடு. மதியம் வீடு திரும்பி ஒரு தூக்கம். மாலை நான்குக்கு நான்காவது வீடு. நான்கு வீட்டு வேலை சாத்தியப்படுவது வேலை வீடும் சொந்த வீடும் பக்கத்தில் இருப்பதால் மட்டுமே. இஸ்திரி வண்டிக்காரர், கார் ஓட்டுநர், காவலாளி, பூக்காரி, பிளம்பர் எல்லாருக்கும் இதே கணக்குதான். ஒரு வீட்டில் வேலை போனால் அடுத்த தெருவில் வேறு வீடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். முதலாளி அம்மா பழைய பாடப் புத்தகம் கொடுத்ததும், அவர் வீட்டுக்காரர் சொல்லி எங்கோ ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் இந்த நெருக்கத்தில் நடந்தவை. அந்த உறவில் சமத்துவம் இல்லை. தனித் தம்ளர் வைத்த வீடுகள் உண்டு. லிஃப்டில் ஏறாதே என்ற குடியிருப்புகள் உண்டு. அவமானமும் வாய்ப்பும் ஒரே வாசலில் நின்றன என்பதுதான் உண்மை நிலவரம்.

இந்த வட்டாரத்தின் இன்னொரு தனித்தன்மை, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சண்டைகள் பலவும் இதன் சுவரோரம் நடந்தன என்பது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1920-ல் இப்போதிருக்கும் வளாகத்துக்கு வந்தது. அதில் இடம் கேட்டுக் கிடைக்காத சி. ஆர். சீனிவாசனும், மருத்துவப் படிப்பு தொடர்பாகச் செண்பகம் துரைராஜனும் தொடுத்த வழக்குகள்தான் வகுப்புவாரி உரிமை ஆணையைச் சாய்த்தன. ஒவ்வொரு 14 இடத்தையும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அந்த ஆணை பிரித்திருந்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. இந்தியா முழுவதும் பின்தங்கியோர் கல்லூரி வாசலில் நிற்க உரிமை கொடுத்த திருத்தத்துக்குப் பின்னால், கோட்டூர்புரத்துப் பக்கத்துச் சுவருக்குள் இருந்த ஒரு கல்லூரியின் இடப் பட்டியல் இருக்கிறது.

1971-ல் இட ஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோருக்கு 31 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோருக்கு 18. 1980-ல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் பங்கை 50 ஆக்கினார். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20. எண்கள் வளர்ந்ததைவிட முக்கியம், 2007-ல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில நுழைவுத்தேர்வு போனதும், 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றதும். இந்த இரண்டும் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கதவை நிஜமாகவே திறந்தவை.

அந்தக் கதவு திறந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், 1997 முதல் 2017 வரை ஏதாவது ஒரு கோடையில் அண்ணா பல்கலைக்கழகத்துக் கலந்தாய்வு நாட்களில் உள்ளே போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். இரவுப் பேருந்தில் வந்து முகம் கழுவிய தந்தை, மடியில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வங்கி வரைவோலை, 2010-க்குப் பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழும். மகளுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியாது. திரையில் ஓடும் காலியிட எண்களையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கம்ப்யூட்டர் சயின்ஸா, இ.சி.இ.யா என்று பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத இன்னொரு தந்தையிடம் யோசனை கேட்பார். அந்த யோசனையில் ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டு திசை மாறும். 2018 முதல் எல்லாம் இணையவழி. வசதிதான், ஆனால் ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த மரத்தடி போய்விட்டது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஐ.ஐ.டி. கவர்னரின் கிண்டிக் காட்டிலிருந்து வெட்டிக் கொடுத்த நிலம், மேற்கு ஜெர்மனியின் உதவி, 1959. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இட ஒதுக்கீடு அங்கே 1973-ல்தான் வந்தது, பிற்படுத்தப்பட்டோருக்கு 2008-ல். மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019-ல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல், இந்த வளாகத்தை வைத்தே தகுதி என்ற சொல்லுக்குள் சாதி எப்படி ஒளிந்து வாழ்கிறது என்று காட்டியது. பரம்பரையாகப் படிப்பை முதலீடாகக் கொண்ட குடும்பங்களுக்கு அந்த முதலீடு கண்ணுக்கே தெரிவதில்லை. தேர்வில் வாங்கிய ரேங்க் மட்டும்தான் தெரிகிறது. ஒரே சாலையின் இரு பக்கமும் இரண்டு பொறியியல் கல்லூரிகள். வட்டார மக்களின் பிள்ளைகள் எதில் எவ்வளவு நுழைந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது மூளை அல்ல, சேர்க்கை விதி.

2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்துக்கு இன்னொரு கட்டடம் கிடைத்தது. காந்தி மண்டபம் சாலையில் எட்டு ஏக்கரில் ஒன்பது தளத்தோடு எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். ஆட்சி மாறியதும் 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நின்றது. குழந்தைகள் தளமும் பிரெய்ல் பகுதியும் அழகானவைதான். இந்தக் கட்டுரையின் கண்ணில் அதைவிடப் பெரியது, சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து படிக்கும் பகுதி. குரூப் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே இடம் பிடித்து, தண்ணீர் பாட்டிலையும் கட்டிவந்த சோற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாத்தும்வரை எழுந்திருப்பதில்லை. ஐந்து பேர் வாழும் ஒற்றை அறையில், டி.வி. ஓடிக்கொண்டிருக்க, ஒரு பெண் எங்கே உட்கார்ந்து பத்து மணி நேரம் படிப்பாள்? மேசை, மின்விசிறி, நல்ல கழிவறை, அமைதி. இந்த நான்கும் பணக்கார வீட்டில் பிறப்போடு வருபவை. வாரிய வீட்டுப் பெண்ணுக்கு அவை நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தன.

நடந்துபோகும் தூரம் என்பதைத்தான் அரசுகள் பிறகு கைவிட்டன.

1977-ல் உலக வங்கியின் உதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வாரியத்தின் போக்கு மெல்ல மாறியது. மாடி வீடு செலவு அதிகம், மனையைப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்றது வங்கி. அந்த இழுபறியை நித்யா ராமன் 2011-ல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் விரிவாக எழுதினார். 2000-க்குப் பிறகு நகரத்து நிலம் தங்கமானது. மேம்பாலம், பறக்கும் ரயில், ஆற்றோர அழகு எல்லாவற்றுக்கும் இடம் தேவைப்பட்டது. கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். நகரின் நடுவிலிருந்த குடிசைக்காரர்களைத் தெற்கு ஓரத்துச் சதுப்பு நிலத்துப் பக்கம் அள்ளிக் கொட்டினார்கள். புதிய வீடு பழையதைவிடப் பெரியது, கழிவறை உள்ளேயே. ஆனால் ஆறு மணிக்கு முதல் ஃப்ளாட்டில் நிற்க வேண்டிய பெண், இப்போது நாலரைக்கே எழுந்து பேருந்துக்கு நிற்க வேண்டும். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; பெரிய உதவி. போய்வரும் மூன்று மணி நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. எட்டரைக்கு ஓடிவந்து பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது. நான்கு வீடு இரண்டானது. பலருக்கு ஒன்றும் இல்லாமல் போனது.

இது சென்னையின் கதை மட்டும் அல்ல. அகமதாபாத்தில் 1987-ல் சேவா என்ற தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்த பெண்களுக்கு நகரின் ஓரத்தில் வீடுகள் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. பதினான்கு ஆண்டு கழித்துப் பொருளாதார அறிஞர்கள் ஷாரன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோர் குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். வென்றவர்களின் வருமானமும் உயரவில்லை, பிள்ளைகளின் நிலையும் மேம்படவில்லை. பலர் குடிபோகவே இல்லை. போனவர்களில் பலர் திரும்பிவந்தார்கள். புதிய வீட்டில் பழைய உறவும் வேலையும் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. அமெரிக்காவில் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் வேறொரு குலுக்கலை ஆராய்ந்தார்கள். அங்கே வறுமை குறைந்த பகுதிகளுக்குப் போன குடும்பங்களில், 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானபின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இரண்டிலும் கொடுத்தது வீடு மாற ஒரு வழிதான். அமெரிக்காவில் அது வாய்ப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனது, அகமதாபாத்தில் வாய்ப்பிலிருந்து விலக்கியது. பெரும்பாக்கம் எந்த வகை என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை.

முகவரிக்கும் ஒரு விலை உண்டு. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது என்று துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிக் கொடுத்த இளைஞர்கள் பலர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அங்கிருந்து வந்த கார்த்திகா இருந்தபோது, கண்ணகி நகர் என்ற பெயரை நாடே மரியாதையோடு உச்சரித்தது. அந்தப் பகுதி மக்கள் அதைக் கொண்டாடியதில் விளையாட்டைவிடப் பெரிய ஒன்று இருந்தது.

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. வழியெங்கும் பெருகிய வெள்ளமும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரத்தில் தண்ணீர் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆற்றோரத்து அடுக்குமாடியின் தரைத்தளத்திலும் சித்ரா நகரின் வாரியக் குடியிருப்பிலும் ஒரே இரவில் புகுந்தது. மீனவர்கள் படகு கொண்டுவந்து இரு பக்கத்தாரையும் மீட்டார்கள். சேதம் பொதுவானது, தொடர்ந்து நடந்தது அப்படி இல்லை. ஃப்ளாட்டுக்காரர் காப்பீடு வாங்கி, வண்ணம் பூசி, அங்கேயே இருந்தார். அடையாற்றின் கரையோரக் குடிசைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில், அந்தக் கல்வியாண்டின் நடுவிலேயே, பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. பொதுத்தேர்வுக்குச் சில மாதம் இருக்கையில் பள்ளியை விட்டுப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தூக்கி எறியப்பட்ட பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். ஆற்றின் போக்கை மறித்த பெரிய கட்டடங்கள் எவையும் அவர்களோடு லாரியில் ஏறவில்லை.

2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பழுதான பழைய பிளாக்குகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டும் வேலை நகரின் பல பகுதிகளில் நடக்கிறது. இது நல்ல திருப்பம். 1970-ன் கொள்கை ஐம்பது ஆண்டு சுற்றித் திரும்பிவருகிறது. ஆனால் இடிப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவே குடும்பங்கள் எங்கே போகும்? அந்த இடைக்காலத்துக்குக் கருணைத் தொகையாக முன்பு 8,000 ரூபாய் கொடுத்தார்கள்; பிறகு அதை 24,000 ஆக்கினார்கள். கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு என்று வைத்தாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய். கோட்டூர்புரத்தில் அந்த வாடகைக்கு ஒரு அறையின் மூலைகூடக் கிடைக்காது. குடும்பம் புறநகருக்குப் போகும். பிள்ளை பள்ளி மாறும். அம்மா வேலையை விடுவாள். வீடு அதே இடத்தில் திரும்பக் கிடைத்தாலும், பத்தாம் வகுப்பில் விட்ட ஆண்டு திரும்பாது. வாரியம் செய்ய வேண்டியது பெரிய தத்துவம் எதுவும் இல்லை: ஒரே நேரத்தில் எல்லா பிளாக்கையும் இடிக்காமல் ஒன்றைக் கட்டி மற்றதை இடிப்பது, வாடகையை அந்தந்தப் பேட்டையின் நிலவரப்படி மாதாமாதம் கொடுப்பது, பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டைத் தேர்வு முடிந்தபின் மட்டும் காலி செய்யச் சொல்வது.